படகு நிற்கும் மாதங்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்துப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். கருவாடு காயவைக்கும் வாடியில் சுற்றும் நாய்களுக்குப் பள்ளிக்கூட வாசல் ஓரமாகத் தினமும் சோறு வைக்கிறேன். மாசியில் ஒரு பெட்டை ஆறு குட்டி போட்டது. இரண்டு ரோட்டில் அடிபட்டன. இரண்டு ரத்தமாகக் கழிந்து செத்தன. ஒன்று தலையில் புழு வைத்துப் போனது. ஒன்றுதான் மிச்சம். இன்னொரு பெட்டைக்குப் பின்பக்கம் மாதக்கணக்கில் ரத்தம் சொட்டுகிறது, யாரோ அடித்திருப்பார்கள் போல. பெட்டைகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணலாம் என்றால் மாமியார் பாவம் என்கிறார். பக்கத்து வீட்டு மாமா எல்லாவற்றையும் பிடித்துத் தனுஷ்கோடியில் விடச் சொல்கிறார். சின்னதாக ஒரு காப்பகம் வைக்கலாமா என்று எனக்கு ஆசை. என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ரத்தம் சொட்டும் நாயைப் பார்ப்போம். அடிபட்ட காயம் மாதக்கணக்கில் சொட்டாது. ஆறிவிடும், இல்லையென்றால் சீழ் வைக்கும். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரிச் சிவந்த சதை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இணைசேரும்போது பரவுகிற புற்றுக்கட்டியாக இருக்கும். ஒரு நாயின் கட்டிச் செல்களே அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி வளரும். தெருநாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான், பெரும்பாலும் குணமாகியும் விடும். வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போடுவார்கள். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும் மருந்து என்பதால் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் போட வேண்டும். வாராவாரம் அதைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பெரிய பாடு. உங்கள் கையால் தின்ற நாய் உங்களுக்குத்தான் பிடிபடும். தூக்கும்போது கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

சரி, குட்டிகள். மார்கழி மாதத்து நாய் என்று மனிதர்களைத் திட்டுகிறோமே, அந்த மாதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். மார்கழியில் சினையானால் மாசி, பங்குனியில் குட்டி. பால் மறந்து தானாகத் தின்னத் தொடங்கும்போது சித்திரை வந்துவிடும். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். சங்காயம் என்கிற கழிவு மீன் இறங்காது, வாடியில் குடலும் தலையும் விழாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது எத்தனை வாய்க்குப் போதும்? ஆக, ஊரில் தீனி வற்றுகிற நேரத்தில்தான் இந்தக் குட்டிகள் பசியோடு ரோட்டுக்கு வருகின்றன. உங்களுடைய அந்த இரண்டும் ஏன் ரோட்டுக்குப் போயின என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அந்த ஆறு குட்டிகளின் கதையை மட்டும் சொல்லுங்கள். பெட்டைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பருவம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் பாவம் எது என்று அவரே முடிவு செய்யட்டும். கருப்பை எடுத்த நாய்க்கு அதில் சீழ் பிடித்துச் சாகிற ஆபத்தும் இல்லை. இணைசேர்வது குறைந்தால் மேலே சொன்ன கட்டி பரவுவதும் குறையும்.

அடிபட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஊரே பாராட்டும், வீடியோ எடுக்கும். பெட்டையைக் கூண்டில் ஏற்றி ஆபரேஷனுக்கு அனுப்பினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். இருந்தாலும், கையில் காசும் தெம்பும் ஓரளவுதான் இருக்கிறதென்றால் இரண்டாவதற்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பேன்.

மாமாவின் யோசனை சட்டப்படியே தப்பு. 2023ஆம் ஆண்டு வந்த நாய்க் கருத்தடை விதிகளின்படி, ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பழைய நாய் தன் இடத்தில் இருந்தால் வெளி நாய் எளிதில் நுழையாது. காலி செய்த வாடிக்கு, அங்கே குடல் விழுகிறவரை, பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். சென்னையில் நூறு வருஷத்துக்கும் மேல் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள், தீரவில்லை. ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இல் தொடங்கிய கருத்தடை வழிக்கு மாநகராட்சி 1996இல்தான் வந்தது. அதோடு தனுஷ்கோடி மணலில் நல்ல தண்ணீருக்கு நாய் எங்கே போகும்? அங்கே ஆமை முட்டையிடும் மாதங்களில் வனத்துறை முட்டைகளைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைக்கிறது. பசித்த நாய்களைக் கொண்டுபோய் விட்டால் அவை அந்தக் குழிகளைத் தோண்டத்தான் செய்யும்.

காப்பகம் வேண்டாம். பத்து நாய்க்கு என்று தொடங்குவீர்கள், ஊர்க்காரர்கள் ராத்திரியில் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை பெட்டை, எத்தனை கடுவன் என்று எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் அது ஏற்கெனவே ஆபரேஷன் ஆனது. அந்தப் பட்டியலோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள், கருத்தடைப் பொறுப்பு அவர்களுடையது. பெட்டைகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஊருக்கு ஒன்றிரண்டாகச் செய்தால் மிச்சமிருப்பவை குட்டி போட்டு நிரப்பிவிடும், ஒரு வாடியை முழுசாக முடித்தால்தான் வித்தியாசம் தெரியும். தடுப்பூசி நூற்றுக்கு எழுபது நாய்க்காவது போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பால் கொடுக்கும் தாயைப் பிடிக்க விடாதீர்கள். தையல் ஆற நாலு நாளாவது வைத்துப் பார்க்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? பள்ளிக்கூட வாசலில் சோறு வைப்பதை நிறுத்துங்கள். தெருநாய்க்குத் தீனி போடத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் வராத ஓர் ஓரமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டால் நீங்கள் இத்தனை நாள் செய்ததெல்லாம் ஊர்க் கூட்டத்தில் உங்களுக்கு எதிராகத்தான் பேசப்படும்.

இந்தத் தடைக்காலமே இதற்கு நல்ல நேரம். பசித்த நாய் சோற்றுக்கு வரும், சுலபமாகப் பிடிபடும். வீட்டுக்காரரும் கரையில்தான் இருப்பார், கூண்டு தூக்க அவரையும் கூப்பிடுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் அந்த வாடியின் பெட்டைகளை முடித்துவிடப் பாருங்கள். மனு எழுதியதும் ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள்.