வெயில் ஏறினால் மின்சாரம் குறைவது ஏன்?

கேள்வி: சித்திரை நண்பகலில் எங்கள் மாடி சோலார் பேனல், மாசி மாதத்தைவிடக் குறைவாக மின்சாரம் தருகிறதே, ஏன்? பெரோவ்ஸ்கைட் என்னும் புதுவகைப் படிகப் பொருளாலான பேனல் வந்தால் இக்குறை தீருமா?
– வாசகி, காட்பாடி

பதில்: பேனலுக்கு வேண்டியது ஒளிதான், வெப்பம் அன்று. இன்றைய பேனல்களில் ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் சூடேறும்போது, எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி சுருங்கி, மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. பேனலின் பின்புற ஒட்டுத்தாளில் உள்ள வாட் அளவு 25 டிகிரி செல்சியஸில் அளக்கப்பட்டது; அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். வேலூர் வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், 300 வாட் பேனல் 260 வாட்டை ஒட்டியே தரும். ஆகவே, தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்று புகுந்து வெளியேறும்படி உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள். மிக எளிய இந்த ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

2009-இல் ஜப்பானில் ஆய்வாளர் மியாசகாவின் குழுவினர், விழும் ஒளியில் 3.8 விழுக்காட்டை மின்சாரமாக்கும் திறனுடன் வெளியிட்ட பெரோவ்ஸ்கைட் மின்கலம், இன்று ஆய்வகங்களில் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. வெப்பத்தால் அது இழக்கும் திறனும் பொதுவாகக் குறைவு. ஆயினும் ஈரமும் நீடித்த சூடும் அதன் படிக அமைப்பையே சிதைக்கின்றன. பெரும்பாலானவற்றில் நச்சுத்தன்மையுள்ள ஈயமும் உண்டு. 25 ஆண்டுகள் உழைக்கக்கூடிய சிலிக்கானை அதற்காக இப்போது கழற்ற வேண்டாம்.