பழைய கருப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்களுக்கு வண்ணமேற்றி வீடியோவாக விற்பதை ஏன் சிலர் எதிர்க்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், "லாரல்–ஹார்டி நடித்தபோது அங்கே எல்லாமே நிறத்தோடுதானே இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவருவதில் என்ன தவறு?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அதுதான்.

படப்பிடிப்புத் தளத்தில் நிறம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நிறம் பார்வையாளர் காண்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. படச்சுருளில் அது எந்த அளவு சாம்பலாக விழும் என்பதைக் கணக்கில் கொண்டே சுவரின் சாயமும் உடையும் ஒப்பனையும் தீர்மானிக்கப்பட்டன. மௌனப்படக் காலத்தில் பெரிதும் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளிறிப்போயும் பதிவாகும். அந்த நகைச்சுவை ஜோடியில் ஒல்லியானவரான ஸ்டான் லாரலுக்கு வெளிர் நீலக் கண்கள். தொடக்க காலப் படங்களில் அவை வெளுத்துப்போய், பார்வையற்றவரின் கண்களைப் போலத் தெரிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் சுருள் 1920களில் பரவலான பிறகுதான், ஒன்றும் புரியாமல் விழிக்கும் அவருடைய அந்தப் பார்வை திரையில் பிடிபட்டது. லாரலை நினைத்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவதே அந்த விழிப்புதான். அது சாம்பலின் ஏற்ற இறக்கத்தை நம்பிப் பிறந்த நடிப்பு. நிறத்தை மறைத்து வைத்து எடுத்த படமன்று.

நகைச்சுவைப் படத்தில் இது மற்ற வகைப் படங்களைவிடக் கூடுதலாக முக்கியம் என்று நான் கருதுகிறேன். சோகக் காட்சியில் நம் கண் சற்று அலைந்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. சிரிப்பு அப்படியல்ல; சரியான நொடியில் சரியான இடத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும், அரை நொடி தவறினால் வராது. 1932இல் வெளியாகி, குறும்பட நகைச்சுவைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலீஸின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கும் நீண்ட படிக்கட்டில், பெட்டியில் அடைத்த பியானோ ஒன்றை இருவரும் தூக்கிச் செல்கிறார்கள். அது மறுபடி மறுபடி கீழே உருண்டு போகிறது. கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான். தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில், வெயிலில் பளிச்சென்று கிடக்கும் படிகளின் நடுவே ஒரு பெரிய பெட்டியும் இரண்டு சிறிய உருவங்களும் மட்டும் அழுத்தமாகத் தெரிகின்றன. கண்ணுக்கு வேறு வேலையே இல்லை. பெட்டி நழுவத் தொடங்கும் அந்த நொடியை யாராலும் தவறவிட முடியாது.

இதே படத்தின் வண்ண வடிவத்தையும் பார்த்திருக்கிறேன். சரிவில் இருக்கும் செடிகளும் பின்னால் நிற்கும் வீடுகளும் நடிகர்களுக்குச் சமமாக நிறம் பெற்றுக் கண்ணை இழுக்கின்றன. எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் பெட்டி உருளும்போது என் கண் செடியில் இருந்தது.

வண்ணமேற்றிய முறையையும் கொஞ்சம் விளக்க வேண்டும். 1980களில், ஒரு காட்சியின் தொடக்க பிரேமில், அதாவது சுருளில் உள்ள முதல் ஒற்றைப் படத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் உட்கார்ந்து நிறம் குறிப்பார். அடுத்தடுத்த பிரேம்களில் அசையாத பகுதிகளுக்குக் கணினி அதே நிறத்தை நீட்டித்துக்கொண்டு போகும். அசைந்த பகுதிகளை மறுபடி ஆள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அரை மணி நேரக் குறும்படம் என்றாலே, நொடிக்கு 24 வீதம் 40,000க்கும் மேற்பட்ட பிரேம்கள் வந்துவிடும். ஆட்கள் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இந்த முறை ஓரளவு போதும். விழுவதும் எழுவதும் தொப்பி பறப்பதுமாக இருக்கும் அடிதடி நகைச்சுவைக்கு இதைவிடப் பொருந்தாத முறை வேறில்லை. அந்தக் காலத்துக் கேசட்டுகளில் நிறம் உடலைவிட்டுச் சற்றே பிந்தி வருவதையும், உதடு, பல், கன்னம் எல்லாவற்றிலும் ஒரே இளஞ்சிவப்பு அப்பியிருப்பதையும் சாதாரணமாகவே பார்க்கலாம். அடர் கருப்பிலும் முழு வெள்ளையிலும் நிறம் ஒட்டாது என்பதால், லாரலின் வெளிறிய ஒப்பனை முகத்தில் ஏற்றிய தோல் நிறம் முகமூடி போட்டதைப் போலவே தெரிந்தது.

அப்படியிருந்தும் ஏன் செய்தார்கள் என்றால், காரணம் பெரும்பாலும் வியாபாரம்தான். 1937இல் வந்த 'டாப்பர்' என்ற பேய் நகைச்சுவைப் படம் 1985இல் முழுநீளமாக வண்ணமேற்றப்பட்டு வெளிவந்தது. லாரல்–ஹார்டியின் 'வே அவுட் வெஸ்ட்' படத்துக்கும் அதே காலத்தில் வண்ணம் வந்தது. அப்போது லாரலும் இல்லை, ஹார்டியும் இல்லை. ஹார்டி 1957இலும் லாரல் 1965இலும் மறைந்துவிட்டார்கள். வண்ண வடிவத்தைப் புதிய படைப்பாகப் பதிவு செய்யலாம் என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1987இல் முடிவெடுத்ததும், காப்புரிமை தீர்ந்துபோன படங்களிலும் புதிதாக உரிமை கொண்டாட வழி பிறந்தது. அதே ஆண்டு உடி ஆலன் உள்ளிட்ட இயக்குநர்கள் அமெரிக்க செனட் முன் சென்று இதை எதிர்த்துப் பேசினார்கள். 1988இல் வந்த சட்டம் வண்ணமேற்றுவதைத் தடுக்கவில்லை. பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட படங்களை மாற்றி வெளியிட்டால் அதை உறையிலும் படத்திலும் அறிவிக்க வேண்டும் என்ற அளவோடு நின்றது.

"வண்ணம் பிடிக்காதவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியில் வண்ணத்தைக் குறைத்துக்கொள்ளட்டுமே" என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். விவரம் தெரியாத ஒருவருக்கு, கையில் கிடைத்த கேசட் மாற்றப்பட்டது என்பதே தெரியாதபோது, அவர் எதைக் குறைப்பார்? கடை அலமாரியில் வண்ணக் கேசட் மட்டும் இருந்த ஊர்களில், அந்தக் குழந்தைகளுக்கு அதுவே மூலப் படம். நான் எதிர்ப்பது இதைத்தான். வண்ணத்தை விரும்புகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. கருப்பு வெள்ளை என்றாலே அலைவரிசையை மாற்றிவிடும் பிள்ளைகள் வண்ணத்தின் வழியாக உள்ளே வந்தால் நல்லதுதான். வந்த பிறகு மூலத்தைப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

அந்த வழியைச் சரியாகச் செய்து காட்டியது 2004இல் சோனி வெளியிட்ட, 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற மூவர் நகைச்சுவைக் குழுவின் டிவிடிகள் என்பேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்ணத்திலிருந்து கருப்பு வெள்ளைக்கும், மறுபடி வண்ணத்துக்கும் மாறிக்கொள்ளலாம். அந்தக் குழுவின் மோ என்பவரின் கை லாரி என்பவரின் கன்னத்தில் விழும் இடத்தை இரண்டு விதமாகவும் உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு 2007 முதல் 2010 வரை, அந்த மூவரின் 190 கொலம்பியா குறும்படங்களும் வரிசைப்படி, சுத்தம் செய்யப்பட்ட கருப்பு வெள்ளையில் எட்டுத் தொகுப்புகளாக வந்துவிட்டன. மூலத்துக்கு இப்படி மரியாதை செய்துவிட்டால், வண்ண வடிவத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

எல்லாப் படத்துக்கும் வண்ணம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். லாரலும் ஹார்டியும் பொம்மை நாட்டில் உலவும் 1934ஆம் ஆண்டுப் படத்துக்கு 1991இலும் 2006இலும் வண்ணமேற்றினார்கள். அந்த மாய உலகம் நிறத்தைத் தாங்குகிறது. நம் பக்கத்தில், 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட 'மாயா பஜார்' படத்தின் தெலுங்கு வடிவம் 2010இல் வண்ணத்தில் திரையரங்குகளுக்கு வந்தது. மார்கஸ் பார்ட்லியின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவை நான் உயிராக நேசிக்கிறேன். இருந்தாலும் கடோத்கஜனாக வரும் ரங்காராவ் கல்யாண விருந்தை விழுங்கித் தீர்க்கும் காட்சியில் வண்ணம் இடைஞ்சலாக இல்லை, ஏனென்றால் அங்கே சிரிப்பே அந்தப் பலகாரங்களின் குவியலில் இருக்கிறது.

ஆகவே, வாங்கும்போது உறையைப் புரட்டி, மூலக் கருப்பு வெள்ளை வடிவமும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். லாரலையும் ஹார்டியையும் வண்ணத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க வனத்துறைக்காக கோடாக்குரோம் என்ற வண்ணச் சுருளில் எடுத்த 'தி ட்ரீ இன் எ டெஸ்ட் ட்யூப்' என்ற குறும்படத்தைத் தேடிப் பாருங்கள். சட்டைப் பையிலிருந்தும் பெட்டியிலிருந்தும் மரத்தால் செய்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். பெரிய நகைச்சுவை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முகங்களின் நிறம், படம் பிடித்த அன்று கேமரா கண்ட நிறம்.