துளசி வேர்ல முடிச்சு: மாடித்தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பெங்களூரு அல்சூர்ல மொட்டை மாடில பன்னெண்டு தொட்டி, துளசி, பச்சௌலி, கற்பூரவல்லின்னு வாசனைச் செடியா வச்சிருக்கேன். துளசி மஞ்சளாகி, தண்ணி ஊத்தியும் மத்தியானம் ஆனா தொங்கிடுது. ஒண்ணப் புடுங்கிப் பாத்தா வேர் பூரா முடிச்சு. பக்கத்து வீட்டு அக்கா "நிலக்கடலை வேர்ல வர்ற நல்ல முடிச்சுதான், விடு"ங்கறாங்க. விடலாமா?

பதில்: விட்றாதீங்கம்மா. கடலை வேர்ல இருக்கிறது மேல ஒட்டின மணி மாதிரி, நகத்தால தள்ளினா உதிரும், உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். உங்க துளசில வேரே வீங்கியிருக்கும், தனியா உதிராது. இது வேர்முடிச்சு நூற்புழு. குட்டி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, வேருக்குள்ள பூந்து அங்கயே உக்காந்து உறிஞ்சும், பெண் புழு ஒண்ணே நூத்துக்கணக்குல முட்டை போடும், சூடான மண்ணுல ஒரு மாச வாக்குல அடுத்த தலைமுறையும் ரெடி. தண்ணி மேல ஏற்ற வழி கெட்டுப்போறதாலதான் ஈரத்துலயே செடி வாடுது.

மாடத்துத் துளசிய தூக்கிப்போட மனசு வராதுன்னு தெரியும், அதனால நல்ல நுனியா நாலு வெட்டி புது மண்ணுல நட்டு வைங்க, அதே துளசி திரும்ப வரும். பழைய வேரை உரக்குழில போடவே கூடாது. மண்ணை மெல்லிசா பரப்பி, நனைச்சு, கண்ணாடி மாதிரி பாலிதீன் போட்டு மூடி மார்ச், ஏப்ரல் வெயில்ல நாலஞ்சு வாரம் விடுங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். மண்ணுல நமக்காக வேலை பாக்கிற பூஞ்சைங்க இருக்கு, அதுங்கள புழு வர்றதுக்கு முன்னாடியே வேர்கிட்ட குடி வைக்கணும். பெசிலோமைசிஸ் புழுவோட முட்டைக்குள்ளயே பூந்து அழிக்கும். டிரைக்கோடெர்மா வேரழுகல் கிருமிய நெருங்க விடாது. வேம் (VAM)ங்கற வேர்ப்பூஞ்சை வேருக்குள்ளயே தங்கி, வேர் எட்டாத இடத்துல இருந்து மணிச்சத்த (பாஸ்பரஸ்) இழுத்துட்டு வந்து கொடுக்கும், அந்தத் தெம்புல செடி புழுவத் தாங்கும். பத்து கிலோ மக்கின சாணில 100 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து ஈர சாக்கு போட்டு நிழல்ல 15 நாள் வச்சு, தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இந்த மாதிரி நுண்ணுயிர் உரம், மருந்தெல்லாம் விக்கறாங்க, ஒரு நாள் போயிட்டு வாங்க, பாக்கெட்ல தேதி பாத்து வாங்குங்க, பழசானா உள்ள உயிர் இருக்காது.

கேள்வி: நான் எலக்ட்ரானிக் சிட்டில வேலை, ஆத்தூர் பக்கம் எங்கப்பா நிலத்துல மருந்துக் கூர்க்கன் (மருந்து செய்யற கிழங்குப் பயிர்) போட்டிருக்கோம். திட்டு திட்டா வாடுது. கடைக்காரர் கார்பன்டசிம்ங்கற பூஞ்சைக்கொல்லி ஊத்தச் சொல்றார், நாங்க டிரைக்கோடெர்மாவும் போட்டிருக்கோம்.

பதில்: ரெண்டையும் சேக்காதீங்க தம்பி, கார்பன்டசிம் டிரைக்கோடெர்மாவையும் கொன்னுடும். கூர்க்கன்ல நூற்புழு வேரைக் குத்துது, அந்தப் புண் வழியா ஃபுசேரியம்ங்கற பூஞ்சையோட வாடல் நோய் உள்ள வருது, ரெண்டும் கூட்டாளி. அதனால நோய்க்கு மட்டும் மருந்து ஊத்தி பிரயோஜனமில்ல. மருந்துக்கு விக்கிற கிழங்குங்கறதால ரசாயன மிச்சம் இருந்தா வாங்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க, அப்பாகிட்ட இதச் சொல்லுங்க. அடுத்த தடவை முடிச்சு இல்லாத வயல்ல இருந்து மட்டும் நடறதுக்குத் தண்டு எடுங்க, முன்னாடி ஒரு போகம் செண்டுமல்லி போடுங்க, அதோட வேர்ல இருக்கிற பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. தக்காளி, கத்தரிக்குப் பின்னாடி கூர்க்கன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வேம் பாக்கெட்டையும் சாணில கலந்து பெருக்கிக்கலாமா? (கம்மனஹள்ளி)

பதில்: முடியாதுங்க, அதுக்கு உயிரோட வேர் வேணும். ஒரு தொட்டில வேம் போட்டு மக்காச்சோளம் விதைங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மேல வெட்டிட்டு, அந்த மண்ணையும் வேரையும் நறுக்கி, நாத்து நடற குழில போடுங்க. மணிச்சத்து நிறைஞ்ச டிஏபி உரத்த மட்டும் அள்ளிப் போட்டுடாதீங்க, மணிச்சத்து தாராளமா கிடைச்சா செடி வேமை வேருக்குள்ள சேத்துக்காது.