இயற்பியலா, எலக்ட்ரானிக்ஸா? டிரிக்கர் வேலைக்கு ஆசைப்படும் மகளின் அப்பாவுக்கு

துகள் மோதல் சோதனைகளில் தரவு வடிகட்டும் வேலைக்குப் போகப்போவதாக மகள் சொல்கிறாள், அப்படியொரு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அந்த வடிகட்டலை டிரிக்கர் என்பார்கள். எதைப் படிப்பது என்பதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள, துகள்களை மோதவிடும் வளையமான மோதுவி இருக்கிறது. அது ஓடும்போது புரோட்டான் கொத்துகள் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை, எதிரெதிரே கடக்கின்றன. 25 நானோ விநாடியில் ஒளியே ஏழரை மீட்டர்தான் போகும். அங்குள்ள அட்லஸ் கருவியின் நீளமோ 44 மீட்டர். ஒரு மோதலில் சிதறியவை கருவியைத் தாண்டும் முன்பே அடுத்த மோதல் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் சேமிக்க வழியே இல்லை. அதே வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் உள்ள சிஎம்எஸ் என்ற சோதனையில் முதல் கட்ட மின்சுற்றுகள் ஏறக்குறைய 4 மைக்ரோ விநாடிக்குள் முடிவெடுத்து, விநாடிக்கு 1 லட்சம் மோதல்களை மட்டும் உள்ளே விடுகின்றன. கணினிகள் அதையும் சில ஆயிரமாகக் குறைக்கின்றன. தள்ளியது தள்ளியதுதான், திரும்ப எடுக்க முடியாது. இந்தப் பொறுப்பின் கனம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, படிப்பு. முதல் கட்டம் எஃப்பிஜிஏ சில்லுகளில் (உள்ளிருக்கும் மின்சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடியவை) ஓடுகிறது, அதற்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் வேண்டும். கணினிகளில் ஓடும் இரண்டாம் கட்டத்துக்கு சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுபவர்கள். எதைத் தக்கவைப்பது என்று சொல்ல இயற்பியலாளர்கள். எந்த வாசல் வழியாகவும் நுழையலாம். சர்க்யூட் போர்டோடு மல்லுக்கட்டுவது பிடித்தால் எலக்ட்ரானிக்ஸ், 'ஏன்' என்று குடைந்துகொண்டே இருப்பவள் என்றால் இயற்பியல். புள்ளியியல் இரண்டுக்கும் கட்டாயம். ஏஐ மட்டும் படித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏஐயின் நியூரல் நெட்வொர்க்குகள் இந்தச் சில்லுகளுக்குள் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அவற்றை அங்கே அடைக்க, எண்களின் பிட்டுகளைக் குறைத்துச் சுருக்க வேண்டும். பயிற்றுவிக்க மட்டும் தெரிந்தவர் அங்கேதான் திணறுவார். அதே சமயம் ஒரே கருவியைக் கட்டிக்கொண்டு அழவும் கூடாது: செர்னின் இன்னொரு சோதனையான எல்ஹெச்சிபி, 2022-இல் தொடங்கிய ஓட்டத்துக்கு முன் முதல் கட்ட மின்சுற்றுகளையே கழற்றிவிட்டு, அந்த வேலையை ஜிபியு என்னும் கிராஃபிக்ஸ் சில்லுகளிடம் கொடுத்துவிட்டது.

வருமானம் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. ஆராய்ச்சியில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்கு அப்புறமும் சில வருடம் ஒப்பந்தத்தில்தான் ஓடும். ஆனால் எஃப்பிஜிஏ கைவந்தவர்களுக்குத் தொலைத்தொடர்பு, மருத்துவப் படமெடுப்பு, அதிவேகப் பங்கு வர்த்தகம் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். செர்னின் திறந்த தரவுத் தளத்தில் சிஎம்எஸ் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மியூயான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) உள்ள மோதல்களை எடுத்து, பைத்தானில் ஜோடியின் நிறையைக் கணக்கிட்டு வரைந்தால் 3.1 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) அருகே ஒரு மேடும் 91 அருகே இன்னொரு மேடும் எழும். முதலாவது ஜே/சை துகள், மற்றது இசட் துகள். அப்புறம் டிரிக்கர் செய்வதுபோல, மியூயானின் குறுக்கு உந்தத்துக்கு (கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள உந்தம்) ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தட்டும். ஜே/சை சீக்கிரமே கரையும், இசட் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். வரம்பை எங்கே நிறுத்துவாள், ஏன் அங்கே என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், கல்லூரிப் பட்டியலை அப்போது பார்ப்போம்.