சார்ட் நன்றாகத் தெரிகிறது, லேசருக்கு அப்புறம் கார் ஓட்டலாமா?

கேள்வி: வயது 54, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, இரண்டு கண்ணுக்கும் லேசர் போட வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கோ பார்வையில் குறையே தெரியவில்லை, சார்ட்டில் கடைசி வரிக்கு முந்தின வரிவரை படித்தேன். தினமும் வேலை முடிந்து இருட்டில்தான் கார் ஓட்டி வருகிறேன். லேசர் போட்டால் ராத்திரியில் ஓட்ட முடியாது என்கிறார்களே, கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய்யில்லை, அதற்கு வருகிறேன். ஆனால் அந்தப் புதுக் குழாய்கள் ரொம்பப் பலவீனமானவை, எப்போது வேண்டுமானாலும் கசியும், கண்ணுக்குள் ரத்தம் பரவினால் சில நிமிடங்களில் பார்வை மறைந்துவிடும், அது நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும் நடக்கலாம்.

சார்ட்டை நம்பி முடிவெடுப்பதுதான் இதில் சிக்கல். எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் மாகுலா என்ற சின்னப் பகுதி. நோய் ஓரங்களில் எவ்வளவு பரவியிருந்தாலும் மாகுலா நன்றாக இருக்கும்வரை எழுத்து தெரியும். வண்டி ஓட்டவோ ஓரப்பார்வையும் வேண்டும். நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குழந்தை ஓடி வருவதையும், பக்கத்தில் உரசுகிற மாதிரி வரும் பைக்கையும் முதலில் பிடிப்பது அதுதான்.

லேசர் என்ன செய்கிறதென்றால், ரத்த ஓட்டம் குறைந்து ஆக்ஸிஜனுக்கு ஏங்கும் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சுடுகிறது. அதனால் விழித்திரையின் ஆக்ஸிஜன் தேவை குறைகிறது, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்விலேயே, கடுமையான பார்வையிழப்பு இதனால் பாதிக்கு மேல் குறைந்தது. இதற்கு விலையும் உண்டு. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன, அதனால் சிலருக்கு ஓரப்பார்வை கொஞ்சம் சுருங்கும், எதிரே வந்த ஹெட்லைட் கடந்துபோன பிறகு கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். எல்லோருக்கும் ஒரே அளவில் ஆகாது, போடும் லேசரின் அளவைப் பொறுத்தது.

கண்ணுக்குள் போடும் ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். ஆரம்ப வருடங்களில் ஓரப்பார்வையை அது லேசரைவிட நன்றாகக் காப்பாற்றுகிறது. ஆனால் பல மாதங்கள் விடாமல் போக வேண்டும், நடுவில் நின்றுவிட்டால் நோய் வேகமாகத் திரும்பும். "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்கிற ஆளாக நீங்கள் இருந்தால் லேசரே மேல் என்பேன்.

சரி, ஓட்டலாமா? சிகிச்சை முடிந்து கண் ஆறிய பிறகு பார்வைப்பரப்புச் சோதனை எடுங்கள். தாடையைத் தாங்கியில் வைத்து நேராக ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மின்னினால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுவதற்கென்று எடுக்கும்போது இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள், ஒரு கண்ணின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறதா என்று அதில்தான் தெரியும். பல நாடுகளில் பக்கவாட்டில் 120 டிகிரி அகலம் கேட்கிறார்கள். இரண்டு கண்ணிலும் லேசர் போட்டால் உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் உண்டு, உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு எல்லாம் தெரியுதே" என்ற உணர்வை மட்டும் நம்பாதீர்கள். விடுபட்ட இடம் கறுப்பாகத் தெரியாது, மூளை அதை இட்டு நிரப்பிவிடும். கதவு நிலையில் தோள் இடிக்கிறது, படி தவறுகிறது, பக்கத்தில் வந்த பைக் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கிறது என்றால் அதுதான் அறிகுறி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அவரைக் கேளுங்கள், பதிலுக்குக் கோபப்படாமல்.

கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட அன்று சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அரையிருட்டான காத்திருப்பு அறையில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், வெளியே வெயிலுக்கு வந்ததும் ரோடே வெள்ளையாகக் கூசும். நான்கைந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு மறுநாள்வரை இழுக்கும்.

அப்புறம் சர்க்கரை. அளவு ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் பவரே மாறும், சில வாரம் நிலையாக இருந்த பிறகே புதுக் கண்ணாடி வாங்குங்கள். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் என்றால் கிளம்பும் முன் சோதியுங்கள், 90க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் சர்க்கரை இறங்கினால் ஓரங்கட்டி, இனிப்பு எடுத்து, அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் பொறுங்கள், மூளை தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டினாலோ, திரை விழுந்தது போலிருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேறொருவர் ஓட்ட.

லேசருக்கு முன்பே ஒரு பார்வைப்பரப்புச் சோதனை எடுத்து அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எவ்வளவு குறைந்தது என்பதை ஒப்பிட அது வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் சோதனையின் ரிசல்ட் வரும்வரை இருட்டில் ஓட்ட வேண்டாம்.