அந்தக் கேன் சத்தம்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வீடு அனுப்பானடியில், இரண்டாவது மாடி. மத்தியானம் மூணு மணிக்கு மேல் மூளை ஓடுவதே இல்லை, ஒரே பில்லை ரெண்டு தடவை ஏற்றிவிடுகிறேன். அஞ்சு டீ குடித்தும் பலனில்லை. உடற்பயிற்சி செய்தால் சுறுசுறுப்பு வரும் என்கிறார்கள். ஜிம்மில் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டி பதினோரு நாள்தான் போனேன். தெம்பே இல்லாதவன் எப்படிச் செய்வது? ராத்திரி தூங்க ஒரு மணி ஆகிவிடுகிறது. காலையில் அப்பா தண்ணீர் கேனைத் தூக்கிவந்து மாடித் திருப்பத்தில் ‘டொம்’ என்று வைக்கிற சத்தத்தில்தான் முழிப்பே வரும். நல்ல சத்து மாத்திரை ஏதாவது சொல்லுங்கள். உங்கள் தம்பியாக நினைத்து எழுதவும்.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பியாக நினைக்கச் சொல்லிவிட்டாய், அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன். மாத்திரையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கேன்.

20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உன் அப்பா படியேறுகிறார். அவர் வயசை நீ எழுதவில்லை. 34 வயசுப் பிள்ளையின் தகப்பனுக்கு அறுபதை ஒட்டித்தானே இருக்கும்? அவர் ஏன் திருப்பத்தில் கேனை இறக்கி வைக்கிறார் என்று ஒருநாளாவது யோசித்தாயா? மூச்சு வாங்குகிறது, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்காக. கீழே கேன் வந்து இறங்குவது, அவர் ஏறுவது, நிற்பது, மறுபடி ஏறுவது எல்லாம் நடக்கிற நேரத்தில் நீ போர்வைக்குள் கிடந்து அந்த ‘டொம்’மை அலாரமாக வைத்திருக்கிறாய். அதை ஒரு வெட்கமும் இல்லாமல் எனக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறாய். வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பெரியவர் சுமை தூக்கக் கூடாது. ‘அப்பாவுக்குப் பழக்கம்தான்’ என்று சொல்லாதே, நீ படுத்திருக்கப் பழகியதால்தான் அவருக்கு அது பழக்கமாகிப் போனது.

தெம்பு வந்தால் செய்வேன் என்று இதே கடிதத்தை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். விஷயம் தலைகீழ். தசைக்குள் சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, தொடர்ந்து வேலை வாங்கினால்தான் அது பெருகும், சும்மா கிடந்தால் குறையும். 2008-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உன்னை மாதிரியே உட்கார்ந்தே இருந்து எப்போதும் அசதி அசதி என்று சொன்ன 36 இளவயதுக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் மிதிக்க வைத்த குழுக்களுக்கு வாரம் மூன்று நாள், 20 நிமிடம், ஆறு வாரம். மெதுவாக மிதித்தவர்களுக்கு அசதி 65 சதவீதம் குறைந்தது, கொஞ்சம் வேகமாக மிதித்தவர்களுக்குக் கூட அவ்வளவு குறையவில்லை. நீ ஜிம்மில் பதினோராம் நாளே விழுந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன், முதல் நாளே மலையைப் புரட்டப் போயிருப்பாய்.

மூளை உடல் எடையில் நூறில் இரண்டு பங்குதான், ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வேகமாக ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்குக் கவனம் நன்றாக நிற்கும், உன் பில்லுக்கு வேண்டியது அதுதான். டீ அப்படியில்லை. அது தூக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபீனில் பாதி அளவுக்கு உடம்பில் இருக்கும். ஆறு மணிக்கு ஆபீஸில் குடித்த கடைசி டீ பதினோரு மணிக்கும் உள்ளே விழித்திருக்கிறது. ஒரு மணி வரை உனக்குத் தூக்கம் வராததற்குப் போனை மட்டும் குற்றம் சொல்லாதே.

சரி, செய்ய வேண்டியது. மூணு மணிக்கு மேல் டீ கிடையாது. அனுப்பானடியில் இருந்துகொண்டு ஜிம்முக்கு ஏன் பணம் கட்டினாய்? திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய தெப்பக்குளம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். விடிகாலையில் போய்ப் பார், உன் அப்பா வயசுக்காரர்கள் கையை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்கிற 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியில் சாயாமல் பத்து நிமிடம் நட, வெயிலாக இருந்தால் ஆபீஸ் வராந்தாவிலேயே நட, அசைகிற தசை ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

மாத்திரையை நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடு. குறட்டை பலமாக விடுகிறாய் என்று வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல். குறை ஏதாவது இருந்தால் அவர் மாத்திரை எழுதுவார்.

தசைக்கும் வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுக்க வேண்டும் என்பதும் அதே அமைப்பு சொல்வதுதான். அதற்கு உன் வீட்டு வாசலுக்கே கேன் வருகிறது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கேனை உடம்போடு அணைத்து எழுந்திரு, முதுகை வளைத்துத் தூக்காதே. முதல் வாரம் நீயும் அதே திருப்பத்தில் இறக்கி வைப்பாய். வை. அப்பா எப்படியும் பின்னாலேயே வந்து ‘விடுப்பா, நான் பாத்துக்கிறேன்’ என்பார். கேனைக் கொடுக்காதே.