தொடர்பாளரை நியமிப்பது யார்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். பிற தர அமைப்புகளுடனான தொடர்பைக் கவனிப்பவரை அங்கே பணிக்குழுக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஐ.ஏ.பி. என்ற சிறு வாரியம்தான் நியமிக்கிறது என்கிறீர்கள். விவரம் தெரிந்தவர்கள் கீழே இருக்க, மேலே இருப்பவர்கள் ஆளை முடிவு செய்வது முறையா?

– ராணிப்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தோலில் குரோமியம் 6 என்ற தீங்கான வேதிப்பொருளின் அளவை அறிய நீங்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 17075 தரத்தின் முன்னுரையை ஒருமுறை பாருங்கள். 1897இல் தோன்றிய தோல் தொழில்நுட்பர் சங்கங்களின் பன்னாட்டு ஒன்றியத்தின் வேதியியல் குழு, ஐரோப்பியத் தர அமைப்பின் தோல் குழுவோடு சேர்ந்து அதைத் தயாரித்ததாக அங்கே எழுதியிருக்கும். சருமத்தில் படும் தோல் பொருளில், தோலின் உலர் எடைக்கு, கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இது இருந்தால் ஐரோப்பாவில் விற்கக் கூடாது என்ற விதி 2015 மே முதல் நடைமுறையில் உள்ளது. ஆளுக்கொரு சோதனை முறை வகுத்திருந்தால், ஆம்பூரில் தேறிய சரக்கு அங்கே போய்த் தோற்றிருக்கும். நட்டம் நம் ஊர்த் தொழிலாளி வரை வந்திருக்கும். ஆகவே தர அமைப்புகள் தமக்குள் தொடர்பு பேணுவதை வெறும் அலுவலகச் சடங்காக நான் பார்க்கவில்லை.

ஐ.இ.டி.எஃப்.இல் 2005இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4052 என்ற ஆவணம், தொடர்புகளைப் பேணும் பொறுப்பையும் தொடர்பாளரை நியமிக்கும் உரிமையையும் ஐ.ஏ.பி.யிடம் தருகிறது. ஆனால் அதனுடன் வந்த 4053இன்படி, ஒரு பணிக்குழு தன் பொருள் குறித்த கடிதத்தைத் தன் தலைவர் வழியாகத் தானே பிற அமைப்புக்கு அனுப்பலாம். உறவைக் காப்பவர் ஒருவர், பொருளைப் பேசுபவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்குக் காரணம் டி-எம்.பி.எல்.எஸ். விவகாரம். தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐ.டி.யு.-டி அமைப்பு, தரவுப் பொட்டலங்களுக்குச் சிட்டை ஒட்டி வழி அனுப்ப ஐ.இ.டி.எஃப். உருவாக்கிய எம்.பி.எல்.எஸ். நுட்பத்தை எடுத்துத் தன் தேவைக்கேற்ப மாற்றி, டி-எம்.பி.எல்.எஸ். என்று பெயரிட்டது. ஆனால் வலையமைப்பில் தரவைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் சட்டகத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணை மாற்றவில்லை. இரண்டும் ஒரே வலையமைப்பில் சந்தித்தால், ஒரு கருவி அனுப்புவதை இன்னொன்று தவறாகப் புரிந்துகொள்ளும். 2008இல் இரு தரப்பும் கூட்டுக்குழு அமைத்து, தேவைகளை ஐ.டி.யு.-டி சொல்ல, நெறிமுறையை ஐ.இ.டி.எஃப். வகுப்பதென்று முடிவானது. ஒரு நிறுவனம் முழுவதற்கும் பேசும் அதிகாரம் இல்லாதவர்களால் அப்படியொரு முடிவுக்கு வந்திருக்க முடியாது. பணிக்குழுக்களோ வேலை முடிந்ததும் கலைந்துவிடுபவை. உறவு அவற்றைத் தாண்டியும் நீடிக்க வேண்டும்.

உங்கள் ஐயத்தில் நியாயமும் உண்டு. யாரை நியமிப்பதென்று முடிவெடுக்கும் முன், அந்தத் தொடர்பால் நேரடியாகப் பாதிக்கப்படும் பணிக்குழுக்களை வாரியம் கேட்டே ஆகவேண்டும். நியமிக்கப்பட்டவரும் தம் கருத்தையோ, தமக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் விருப்பத்தையோ அமைப்பின் கருத்தாக முன்வைக்கக் கூடாது. இந்த இரண்டாவதில் வழுவுபவரைத் தயங்காமல் மாற்ற வேண்டும் என்பேன்.

உங்கள் துறையில் வாய்ப்பு இன்னும் அருகில் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ.வின் தோல் குழுவான டி.சி. 120க்குச் செயலகமே நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.தான். சாயமேற்றிய தோலில் குரோமியம் 6 அளக்கும் நிறமானி முறையும் குரோமட்டோகிராஃபி முறையும் உங்கள் கூடத்தில் முரண்பட்டிருந்தால், அந்த அளவீடுகளைத் தொகுத்துப் பி.ஐ.எஸ்.இன் தோல் குழுவுக்கு எழுதுங்கள்.